சேவல் திரும்பிக்கொண்டது

“சார், சேவல் திரும்பிக்கிச்சி. சீக்கிரம் வாங்க.”

போனில் ராஜாத்தியக்கா இப்படிச் சொன்னபோது, இளங்கோவன் பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தன்னைவிட நல்ல பூங்கா மேற்பார்வையாளர் இந்த மாவட்டத்தில் உண்டா என்று யோசித்துக்கொண்டிருந்தார். இல்லை என்றே பட்டது.

“திரும்பத்தானே வேணும்? அதுக்குத்தானேக்கா நேத்து எண்ணெய் போட்டோம்?”

“அத்த நீங்களே வந்து இவங்ககிட்ட சொல்லுங்க. பார்க்கு பூரா ஆளு. கையில துடுப்பு வேற.”

“துடுப்பு எதுக்கு?”

“படகு ஓட்டறதுக்கு இல்லன்னு மட்டும் தெரியுது சார்” என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

கப்பல்காரர் மாளிகை ஏரிக்கரையில் இருக்கிறது. எந்தக் கப்பல்காரர் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இப்போது அங்கே கப்பலும் இல்லை, காரரும் இல்லை. அரசாங்கம் மாளிகையை எடுத்துக்கொண்டு, சுற்றியிருந்த தோட்டத்தைப் பொதுப் பூங்கா ஆக்கி, சில சிமெண்ட் பெஞ்சுகளும் ஒரு சறுக்கு மரமும் போட்டிருந்தது. மாளிகையின் உச்சியில், ஒரு கம்பியின் மேல், செப்புத் தகட்டில் வெட்டிய சேவல் ஒன்று நின்றது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று காட்டுவதற்காக யாரோ வைத்தது. ஆனால் அது எதையும் காட்டாமல், என்ன புயல் அடித்தாலும் ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றது.

பூங்காவுக்கும் மாளிகைக்கும் மேற்பார்வையாளர் இளங்கோவன். தற்காலிக மேற்பார்வையாளர். வருகிற ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து துறை இயக்குநர் ஷாலினி மேடம் வந்து, புதுப்பித்த பூங்காவைத் திறந்துவைக்கிறார். மேடம் மனது வைத்தால் இளங்கோவன் நிரந்தரம். அவர் வீட்டில் எல்லாமே இந்த நிரந்தரத்துக்காகக் காத்திருந்தன. வெள்ளையடிப்பதா, “நிரந்தரம் ஆகட்டும்” என்பாள் மனைவி சுதா. திருப்பதிக்குப் போவதா, நிரந்தரம் ஆகட்டும். இளங்கோவனுக்கு ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல் ஒன்றுகூட நிரந்தரம் ஆகட்டும் என்று ஆடிக்கொண்டே இருந்தது.

மேடத்தை அசத்த இளங்கோவன் கண்டுபிடித்த வழிதான் சேவல். பொன்னேரியிலிருந்து ஒரு ஃபிட்டரைக் கூட்டிவந்தார். அவர் மேலே ஏறி, சேவலின் காலில் சுற்றிக் கிடந்த துருப்பிடித்த கம்பியைப் பார்த்து, “காக்கா கூடு கட்ட கொண்டாந்திருக்கும்” என்று வெட்டி எறிந்தார். எண்ணெய் ஊற்றினார். ஒரு தட்டுத் தட்டினார். சேவல் கீச்சென்று கத்திவிட்டுச் சுற்றியது. இளங்கோவன் கைதட்டினார். பிறகு அழைப்பிதழில் “காற்றோடு சுழலும் பழம்பெரும் சேவல்” என்று ஒரு வரி சேர்த்து மேடத்துக்கு அனுப்பியும் வைத்தார்.

ராஜாத்தியக்காவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. கல்யாணமாகி மேட்டுக்குப்பத்துக்கு வந்த நாளிலிருந்து அந்த மாளிகையைப் பெருக்குகிறவர் அவர். பெருக்கிய நேரம் போக மீதி நேரம் பூங்கா வாசலில் டீ விற்பார்.

“இன்னா சார் இது, கீச்சு கீச்சுன்னு. தலவலி வருது.”

“ரெண்டு நாள் சுத்தினா சரியாப் போயிடும்க்கா.”

“எங்க போவும்?” என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.

இளங்கோவன் பஸ்ஸை விட்டு இறங்கிப் பூங்காவுக்குள் நுழைந்தபோது, வலது பக்கம் மேட்டுக்குப்பம் நின்றது, இடது பக்கம் தோப்புக்குப்பம் நின்றது. நடுவில் சறுக்கு மரம்.

“யாரு சார் சேவல் மேல கை வெச்சது?” என்று முதலில் பாய்ந்தவன் தமிழ்வேந்தன். ராஜாத்தியக்காவின் மகன். மேட்டுக்குப்பத்து இளைஞர்களுக்கு அவன்தான் வாய்.

“நான்தான். ஏன், என்ன ஆச்சு?”

“இன்னா ஆச்சா? ஏரியே திரும்பிக்கிச்சி சார்!”

தோப்புக்குப்பத்துத் தலைவர், நாட்டார் மாசிலாமணி, கையை உயர்த்தினார். நரைத்த மீசை, கனத்த குரல். அவர் பேசினால் இரண்டு குப்பமும் கேட்கும்.

“சாருக்குப் பாடுன்னா தெரியுமா?”

“கஷ்டம்.”

“அது உங்க ஊர்ல. ஏரியில எந்தக் குப்பம் எந்த எடத்துல வல போடணும்னு ஒரு மொற இருக்குதில்ல, அதுக்குப் பேரு பாடு. எங்க பாட்டுக்கும் அவங்க பாட்டுக்கும் எல்ல எதுன்னு நெனைக்கிறீங்க?”

“எது?”

மாசிலாமணி மாளிகையின் உச்சியைக் காட்டினார்.

விஷயம் இதுதான். ஏரியில் படகில் இருந்தபடி மாளிகையைப் பார்க்க வேண்டும். சேவலின் இடது இறக்கை தெரிந்தால் அந்த இடம் மேட்டுக்குப்பத்துப் பாடு. வலது இறக்கை தெரிந்தால் தோப்புக்குப்பத்துப் பாடு. மூக்கு நேராகத் தெரிந்து, தகடு வெறும் கோடாக மெலிந்து போனால், அதுதான் எல்லை. அதைத் தாண்டி யாரும் வலை போடக் கூடாது.

அன்று விடியற்காலையில் வாடைக்காற்று அடித்தது. மேட்டுக்குப்பத்தார் இடது இறக்கையைப் பார்த்து நிம்மதியாக வலை போட்டார்கள். வெயில் ஏறியதும் காற்று மாறியது. அதே வலை, அதே படகு, அதே ஆட்கள் தோப்புக்குப்பத்துப் பாட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து எல்லாரும் மறுபடி மேட்டுக்குப்பத்துப் பாட்டில் இருந்தார்கள். திருடன் யார், திருட்டுக் கொடுத்தவன் யார் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் மாறி மாறித் திட்டிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டார்கள்.

“அதுக்கு எதுக்குங்க சேவல்?” என்றார் இளங்கோவன். “அவ்ளோ பெரிய லைட்ஹவுஸ் இருக்குதே, அதை வெச்சுக்கக் கூடாதா?”

இரண்டு குப்பமும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தன.

“அது உருண்டையா இருக்குது சார்” என்றான் தமிழ்வேந்தன். “எந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும்.”

இளங்கோவனுக்கு வெட்கமாகிவிட்டது. “சரி, சேவலைப் பழையபடி நிறுத்திடறேன். ஞாயித்துக்கிழமை மேடம் வந்துட்டுப் போற வரைக்கும் சுத்தட்டுமே…”

“ஞாயித்துக்கெழம வரைக்கும் சோறு துன்ன வேணாமா?” என்று ஒரு குரல் வந்தது. துடுப்புகள் லேசாக உயர்ந்தன.

“இப்பவே நிறுத்திடறேன்” என்றார் இளங்கோவன்.

மாசிலாமணியையும் தமிழ்வேந்தனையும் கூட்டிக்கொண்டு அவர் மேலே ஏறினார். சேவலைக் கையில் பிடித்து, “எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு இருந்தது?” என்று கேட்டார்.

“இப்டி” என்றார் மாசிலாமணி.

“இப்டி” என்று தமிழ்வேந்தன் வேறு பக்கம் காட்டினான்.

“எங்க முப்பாட்டன் காலத்துலேர்ந்து அது இப்டித்தான்டா.”

“எங்க பாட்டனுக்குப் பாட்டன் ஒல்லாந்துக்காரன்கிட்ட கேட்டு வெச்ச எல்ல இது. இப்டித்தான்.”

இளங்கோவன் நியாயமான மனிதர். இரண்டு கைகளுக்கும் நடுவில் சேவலைத் திருப்பி, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். பிரச்சினை தீர்ந்தது என்று கீழே வந்து ஒரு டீ குடித்தார்.

டீ ஆறுவதற்குள் இரண்டு குப்பமும் திரும்பி வந்துவிட்டன. நியாயமான அந்தக் கோடு படகுத்துறையின் நடுவில் போயிருந்தது. மேட்டுக்குப்பத்தார் தங்கள் படகை அவிழ்க்கவே தோப்புக்குப்பத்தாரிடம் அனுமதி கேட்க வேண்டும். தோப்புக்குப்பத்துக்கோ, இறால் ஓடுகிற ஆழமெல்லாம் போய் முழங்கால் அளவு சேறு மட்டும் மிஞ்சியது.

“யாருக்கும் வேணாம், சேவலையே இறக்கிடறேன்” என்றார் இளங்கோவன். “நீங்க பேசி முடிவு பண்ணுங்க. அப்புறம் ஏத்திக்கலாம்.”

சேவல் கீழே வந்தது. மாளிகைக் கூடத்தில் வைத்து அவர் கதவைப் பூட்டினார். தோப்புக்குப்பத்தான் ராத்திரியில் வந்து திருப்பிவிடுவான் என்று மேட்டுக்குப்பம் தன் பங்குக்கு ஒரு பூட்டுப் போட்டது. உடனே தோப்புக்குப்பமும் ஒன்று போட்டது. கூடத்தின் உள்ளேதான் இளங்கோவனின் மேசை, நாற்காலி, சாப்பாட்டுக் கூடை எல்லாம் இருந்தன. அன்று மத்தியானம் அவர் வாழைப்பழம் சாப்பிட்டார்.

எல்லை இல்லாமல் ஏரியில் யாரும் இறங்க முடியாது. இறங்காதவர்கள் எங்கே போவார்கள்? வெள்ளிக்கிழமை காலை இரண்டு குப்பமும் குடும்பத்தோடு பூங்காவுக்கு வந்துவிட்டன. புதிதாக வெட்டிய செடிவேலியின் மேல் வலையைப் போட்டு, கிழிசல் தைத்தார்கள். மேடம் நடப்பதற்காக வளர்த்த புல்தரையில் பெண்கள் கருவாடு காயப்போட்டார்கள். காக்கைகள் ஆரம்பாக்கத்திலிருந்தெல்லாம் வந்தன போலிருந்தது.

“அம்மா, இது பூங்கா. இங்க கருவாடு காயவைக்கக் கூடாதும்மா” என்றார் இளங்கோவன்.

“புது மீனு எங்க சார் கீது? இருக்கற கருவாட்டையாவது காப்பாத்திக்கறோம். நீ சேவலக் குடு, நாங்க போறோம்.”

அவர் சறுக்கு மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்று மாலை சுதா போன் செய்தாள்.

“மேடத்துக்கு எல்லாம் தயாரா?”

“தயார்.”

“சேவல் நல்லாச் சுத்துதா?”

“இப்ப கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கிட்டு இருக்குது” என்றார் இளங்கோவன்.

சனிக்கிழமை காலையில்தான் அவருக்கு ஒரு வழி தோன்றியது. பழவேற்காட்டில் கல்யாணம் செய்கிறவர்கள் எல்லாரும் மாளிகை முன்னால் படம் எடுத்துக்கொள்வார்கள். படம் எடுப்பவள் கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஜஸீலா. யாருடைய படத்திலாவது சேவல் விழுந்திருக்காதா?

ஜஸீலா ஊர் வாட்ஸாப் குழுவில் ஒரு வரி போட்டாள்: மாளிகைச் சேவல் தெரிகிற படம் இருந்தால் அனுப்புங்கள். மத்தியானத்துக்குள் அவளுடைய போன் சூடாகிவிட்டது. பாதிப் படங்களில் சேவல் கடலைப் பார்த்தது. பாதிப் படங்களில் ஊரைப் பார்த்தது.

“பாத்தியா, கடலப் பாக்குது!” என்று மேட்டுக்குப்பம் கத்தியது.

“பாத்தியா, ஊரப் பாக்குது!” என்று தோப்புக்குப்பம் கத்தியது.

“அல்லாவே, கொஞ்சம் கத்தாம இருங்க” என்றாள் ஜஸீலா. “ஊரப் பாக்கறதெல்லாம் செல்ஃபி. செல்ஃபியில இடம் வலம் மாறிடும். இதோ பாருங்க, மாசிலாமணி அண்ணனுக்கு மச்சம் எந்தக் கன்னத்துல இருக்கு? படத்துல எங்க இருக்கு?”

எல்லாரும் மாசிலாமணியின் கன்னத்தைப் பார்த்தார்கள். அவரும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“அப்ப செல்ஃபி செல்லாது” என்றார் அவர்.

“செல்லாது. என் கேமராவுல எடுத்தது ஒண்ணு இருக்கு. இதுலதான் சேவல் முழுசாத் தெரியுது.”

அது தமிழ்வேந்தனின் கல்யாணப் படம். மாளிகைப் படிக்கட்டில் அவனும் சத்யாவும் மாலையோடு நிற்க, அவன் தலைக்கு நேர் மேலே, கிரீடம் வைத்தாற்போல் சேவல். எதிர்க்குப்பத்தான் படம் என்று மாசிலாமணி ஒரு நிமிடம் தயங்கினார். ஆனால் எடுத்தவள் ஜஸீலா. அவள் எந்தக் குப்பமும் இல்லை, வலையும் போடுவதில்லை. சரி என்று தலையசைத்தார்.

“காலையில அதே எடத்துல நிக்க வெச்சு, அதே மாதிரி தெரியற வரைக்கும் சேவலத் திருப்பலாம்” என்றாள் ஜஸீலா.

“அப்புறம் அது திரும்பவே கூடாது” என்றார் மாசிலாமணி. “வெல்டிங் வெச்சிடணும்.”

எல்லாரும் இளங்கோவனைப் பார்த்தார்கள். வெல்டிங் வைத்தால் சேவல் சுற்றாது. சுற்றாவிட்டால் அழைப்பிதழில் எழுதியது பொய். மேடம் முகம் சுளித்துக்கொண்டு காரில் ஏறுவது அவருக்கு இப்போதே தெரிந்தது. நிரந்தரம் போயிற்று. சுதாவிடம் என்ன சொல்வது?

புல்தரையில் ஒரு பெண் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாகத் துறையில் ஒரு படகுகூட நனையவில்லை. இதற்கெல்லாம் காரணம் தன் கைத்தட்டல்தான் என்று நினைத்தபோது அவருக்கு உள்ளுக்குள் வலித்தது. பல்லும் சேர்ந்து வலித்தது.

“வெச்சிடலாம்” என்றார்.

அன்று சாயங்காலமே பெண்கள் கருவாட்டை அள்ளினார்கள், ஆண்கள் வலையைச் சுருட்டினார்கள். ராஜாத்தியக்கா பூங்கா முழுவதையும் ஒரு முறை பெருக்கி, எல்லாரையும் திட்டி, மறுபடி ஒரு முறை பெருக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பூட்டுகளும் திறந்தன. தமிழ்வேந்தன் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். பொத்தான் போட முடியவில்லை. சத்யா அதே புடவையில் வந்து பக்கத்தில் நின்றாள்.

“சிரிக்கணுமா?” என்று கேட்டாள்.

“வேணாம், நின்னா போதும்” என்றாள் ஜஸீலா.

மாடியின் உச்சியில் இளங்கோவன் சேவலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் வெல்டிங் மிஷினோடு ஃபிட்டர். கீழே ஜஸீலா கேமராவில் ஒரு கண்ணும் பழைய படத்தில் ஒரு கண்ணுமாக, “இன்னும் கொஞ்சம்ணே… இன்னும்… ஐயோ அவ்ளோ இல்ல… ஆங், அப்டியே!” என்று கத்தினாள். மாசிலாமணி கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்தார். பொறி பறந்தது. இரண்டு குப்பமும் சேவலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டன.

அந்த நேரம் பார்த்து, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே, ஷாலினி மேடத்தின் கார் உள்ளே வந்தது.

மேடம் இறங்கினார். கும்பிட்டு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தார். மாலை இல்லாத மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார்.

“மேல சேவலைக் கட்டிப்பிடிச்சுட்டு நிக்கறது யாரு?”

“மேற்பார்வையாளர் மேடம்” என்று மேலேயிருந்தே பதில் வந்தது. “தற்காலிகம்.”

இளங்கோவன் கீழே வந்தார்.

“காத்தோட சுழலும்னு எழுதியிருந்தீங்களே? சுழலலையே?”

“சுழலாது மேடம். நான்தான் எண்ணெய் போட்டுச் சுத்த வெச்சேன். அது தப்பு. இப்ப நான்தான் நிறுத்தவும் சொன்னேன்” என்று அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

மேடம் ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் தமிழ்வேந்தன் முன்னால் வந்தான்.

“சார் மேல தப்பு இல்ல மேடம். எங்க பாட்டன், முப்பாட்டன், அவங்களுக்கும் முன்னாடிலேர்ந்து இந்தச் சேவலு ஒரே பக்கந்தான் பாத்துக்கினு இருக்குது. ஏரிய எங்களுக்குப் பிரிச்சுக் குடுத்ததே இதுதான். இத்த வெச்சுத்தான் நாங்க சண்ட இல்லாம பொழைக்கிறோம்.”

“சத்தியமான வார்த்த” என்றார் மாசிலாமணி. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் மேட்டுக்குப்பத்தான் ஒருவனை ஆமோதித்தார்.

எல்லையையும் இறக்கைக் கணக்கையும் இருவரும் மாறி மாறி விளக்கினார்கள். மேடம் படகுத்துறை வரைக்கும் நடந்து போய், சேவல் கோடாக மெலிகிற இடத்தைத் தானே பார்த்தார். திரும்பி வரும்போது அவர் முகமே மாறியிருந்தது.

“இளங்கோவன், எத்தனையோ மாளிகையைப் பார்த்துட்டேன். வெள்ளையடிச்சு விளக்குப் போட்டு வெப்பாங்க. கட்டடத்தை இன்னும் ஒரு ஊரே உபயோகிக்கறதை இங்கதான் பார்க்கறேன். நல்ல பேர் போனாலும் போகட்டும்னு நீங்க அதை விட்டுக்கொடுக்கலையே. உங்க விஷயத்தை நாளைக்கே முடிச்சிடறேன்.”

இளங்கோவனுக்குக் கண் கலங்கியது. நாக்கால் பல்லைத் தொட்டு, இன்னும் இரண்டு நாள்தான் என்று சொல்லிக்கொண்டார்.

“அப்புறம், சேவலுக்குக் கீழ ஒரு பலகை வைங்க” என்றார் மேடம். “முந்நூறு ஆண்டுகளாக அசையாத சேவல், அப்படின்னு.”

கைதட்டல் ஏரிக்கு அக்கரையில் கேட்டிருக்கும். மேடம் போனதும், இரண்டு குப்பத்துப் படகுகளும் போட்டி போட்டுக்கொண்டு ஏரியில் இறங்கின. சேவலைப் பார்த்து, கோட்டைப் பார்த்து, அவரவர் பாட்டில் வலை விழுந்தது. இளங்கோவன் சுதாவுக்குப் போன் செய்து, “வெள்ளையடிக்க ஆள் சொல்லிடு” என்றார். பிறகு வாசலில் போய் உட்கார்ந்தார். காற்று நன்றாக வீசியது. மேலேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

ராஜாத்தியக்கா டீயைக் கொண்டுவந்து நீட்டினார். அவர் முகத்திலும் நிம்மதி தெரிந்தது. சேவலை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஒரு வழியா நிறுத்தினீங்களே சார், புண்ணியமாப் போச்சி, இந்தத் தமிழு கைக்கொழந்தையா இருக்கச் சொல்ல இதே கீச்சு கீச்சுதான், பையன் ஒரு பொட்டு தூங்கல, நான்தான் பொறுக்க முடியாம மேல ஏறி, அன்னிக்கு அது எந்தப் பக்கம் பாத்துக்கினு இருந்துச்சோ அப்டியே கம்பியப் போட்டுக் கட்டிட்டு வந்தேன்!”